ஏசிக்கு கேஸ் மாற்றச் சொல்கிறார்கள். ஓசோன் ஓட்டையும் இந்த வெயிலும் ஒன்றா?

சென்னிமலை_தறிவீடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் மாடி அறையில் ஒன்றரை டன் ஏசி ஒன்று இருக்கிறது. மாமனார் இருந்த காலத்தில் வாங்கியது. போன கோடையிலும் கேஸ் ஏற்றினோம், அதற்கு முந்தின கோடையிலும் ஏற்றினோம். இந்தச் சித்திரையில் மறுபடி வெறும் காற்றுதான் வருகிறது. பார்க்க வந்த பையன், "அக்கா, இது ஆர்-22. ஓசோனில் ஓட்டை போடுகிற கேஸ், தடை பண்ணிட்டாங்க. ஆர்-32 ஏத்தித் தரேன், அது ஒண்ணும் பண்ணாது" என்கிறான்.

அதைக் கேட்டு வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், ஓட்டை வழியாக வெயில் நேராக இறங்குவதால்தான் ஈரோட்டில் இந்தச் சூடு என்கிறான். வீட்டுக்காரர், ஓட்டை இருப்பது அண்டார்டிகாவில், கரூர் பரமத்தி கொதிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி என்று படுகிறது. பையன் சொல்கிற கேஸை ஏற்றலாமா? புது கேஸ் நிஜமாகவே ஒன்றும் பண்ணாதா? கீழே இருக்கிற பிரிட்ஜின் முதுகில் ஆர்-600ஏ என்று ஸ்டிக்கர் இருக்கிறது, அது எந்த வகை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெருந்துறைரோடு_மெக்கானிக்:

அம்மணி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனை ஆர்-32 ஏற்ற விடாதீர்கள். ஆர்-22க்கென்று செய்த கம்ப்ரசரில் ஆர்-32 போட்டால் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் எகிறும். பழைய ஆயில் அதோடு சேராது. போதாக்குறைக்கு அது எரியக்கூடிய கேஸ். மெதுவாக எரிகிற வகைதான், ஆனாலும் பழைய யூனிட்டின் ரிலேயும் ஒயரிங்கும் அதை எதிர்பார்த்துச் செய்தவை இல்லை.

தடை என்பதும் முழு உண்மை இல்லை. நம் நாட்டில் ஆர்-22 போட்டுப் புது ஏசி தயாரிப்பது 2024 முடிவோடு நின்றது. பழைய யூனிட்டுக்குப் பராமரிப்பு செய்ய இன்னமும் கேஸ் கிடைக்கிறது. 2030க்குள் உற்பத்தியை ஏறக்குறைய முழுவதும் நிறுத்த வேண்டும், சர்வீசுக்கு மட்டும் சொற்ப அளவு 2040 வரை விடலாம் என்பது ஓசோனைக் காக்க நாடுகள் போட்டுக்கொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம். வருசா வருசம் விலை ஏறும், அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது வேறு. இரண்டு கோடை கேஸ் ஏற்றியிருக்கிறீர்கள், மூன்றாவதும் கேட்கிறது. ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்கிற பொருளே இல்லை. அடைத்த குழாய்க்குள் திரவமாகிறது, ஆவியாகிறது, மறுபடி திரவமாகிறது, காலத்துக்கும் அதே கேஸ்தான். குறைந்தால் எங்கோ லீக். லீக்கைப் பார்க்காமல் வருசா வருசம் "டாப்-அப்" பண்ணுகிறவர், உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு கேஸை வானத்துக்கு அனுப்புகிறார். எங்கள் தொழிலில் இது அன்றாடம் நடக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஓசோனுக்கு வருகிறேன். நான் தொழில் கற்ற பட்டறையில் லீக் பிடிக்க ஹாலைடு டார்ச் என்று ஒன்று இருந்தது. சின்ன கேஸ் விளக்கு. சுடருக்குள் ஒரு செம்புத் தகடு பழுக்கக் காய்ந்திருக்கும். விளக்குக்கு வேண்டிய காற்றை ஒரு ரப்பர் குழாய் உறிஞ்சும். அந்தக் குழாய் முனையை ஜாயின்ட் ஜாயின்டாகக் காட்டிக்கொண்டே போவோம். லீக் இல்லாத இடத்தில் சுடர் லேசான நீலமாக இருக்கும். அந்தக் காலத்து பிரிட்ஜ் கேஸான ஆர்-12 கசிகிற இடம் வந்ததும் பச்சையாகும். பெரிய லீக் என்றால் ஊதாவுக்கே போய்விடும். ஆர்-22க்கும் பச்சை வரும். குனிந்து மோந்துவிடாதே, விஷப்புகை என்று பெரியவர் கத்துவார். சூட்டில் உடைந்த கேஸிலிருந்து பாஸ்ஜீன் வரலாம் என்பதால் அப்படி.

பச்சைக்குக் காரணம் குளோரின். சூட்டில் கேஸ் உடைந்து, குளோரின் செம்போடு சேர்ந்தால் அந்த நிறம். பின்னால் ஆர்-134ஏ வந்தபோது அதே டார்ச்சைக் காட்டினால் சுடர் அசையவே அசையாது. லீக் இருக்கும், டார்ச்சுக்குத் தெரியாது. ஏனென்றால் அதில் குளோரினே கிடையாது. ஓசோனைத் தின்பது எது, தின்னாதது எது என்று அந்த விளக்கே பிரித்துக் காட்டிவிடும்: பச்சை வந்தால் ஓசோனுக்கு எமன், வராவிட்டால் இல்லை.

ஆனால் சூட்டுக்கு அந்த டார்ச் எதையும் சொல்லாது. பச்சை காட்டாத 134ஏ ஒரு கிலோ வெளியே போனால், நூறு வருசக் கணக்கில் ஏறக்குறைய 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக பூமியைச் சூடாக்கும். உங்கள் வீட்டு ஆர்-22 கிலோவுக்கு 1,800. ஆர்-32 சுமார் 675. ஆக "ஒண்ணும் பண்ணாது" என்பது ஓசோன் கணக்கில் மட்டும் சரி.

ஒன்றரை டன் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்கள் ஆர்-22 ஒரு தடவை முழுவதும் கசிந்தால் 780 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிற பைக்கில் 35,000 கிலோமீட்டர் ஓட்டிக்கொள்ளலாம். இரண்டு கோடைக் கேஸுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. வி. ராமநாதன் என்று ஒரு விஞ்ஞானி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஒரு பிரிட்ஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர். கேஸ் ஏன் இப்படிக் கசிந்து ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவர் வேலை. பிறகு அமெரிக்கா போய், 1975இல், இந்த கேஸ்கள் கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை எல்லாரும் ஓசோனைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். லீக் பார்த்த கை, அம்மணி!

600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பதற்குச் சொந்தக்காரன். ஓசோனுக்கும் கெடுதல் இல்லை, சூட்டுக்கும் பெயரளவுதான். பிரிட்ஜ் முழுக்க 50 கிராம் சுற்றித்தான் இருக்கும். ஆனால் தீப்பிடிக்கும். ரிப்பேருக்கு வருகிறவர் குழாயைப் பைப் கட்டரால் வெட்டாமல் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

தாராபுரம்_தம்பி:

அண்ணா, ஒரு சந்தேகம். ஆர்-12 காற்றைவிட நாலு மடங்கு கனம் என்று ஐடிஐயில் படித்தேன். லீக் ஆனால் தரையில்தானே படுக்கும்? அது எப்படி இருபது கிலோமீட்டர் மேலே போய் ஓசோனைத் தொடும்? இது ஏதோ புது கேஸ் விற்பதற்குக் கம்பெனிக்காரர்கள் கட்டிய கதை என்று வாட்சப்பில் வருகிறதே.

கோபி_வேதியியல்:

தம்பி, இந்தக் கேள்வியை 1970களிலேயே கேட்டார்கள். மூடிய அறையில், காற்று அசையாமல் இருந்தால் கனமான வாயு கீழே தங்கும். மெக்கானிக் அண்ணன் ரப்பர் குழாயை ஜாயின்டுக்குக் கீழ்ப்பக்கம் பிடித்திருப்பார், அதுவும் அதனால்தான். வெட்டவெளியில் அப்படி இல்லை. காற்றும் புயலும் கடைந்துகொண்டே இருப்பதால், சுமார் 100 கிலோமீட்டர் உயரம் வரை வாயுக்கள் எடைவாரியாகப் பிரிவதில்லை. ஆர்கானும் நைட்ரஜனைவிடக் கனம்தான், அது என்ன நம் காலடியிலா படிந்து கிடக்கிறது? பலூன் விட்டு, ஓசோன் இருக்கும் அடுக்கு மண்டலத்தில் குளோரோபுளோரோகார்பனை, அதாவது ஆர்-12 வகைக் கேஸ்களை, நேரடியாக அளந்தும் பார்த்துவிட்டார்கள்.

அது மேலே போய்ச் சேரக் காரணம் அதன் நல்ல குணம்தான். எரியாது, விஷமில்லை, மழையில் கரையாது, எதோடும் சேராது. 1928 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி குழு தேடிக் கண்டுபிடித்ததே அந்தக் குணத்துக்காக. கீழே அதை அழிக்க எதுவும் இல்லாததால் ஆர்-12 நூறு வருடம் வாழும். மேலே போனதும் கடுமையான புறஊதா ஒளி கார்பன்–குளோரின் பிணைப்பை உடைக்கிறது. கார்பன்–புளோரின் பிணைப்பு அதைவிட வலுவானது. அந்தப் புளோரினும் கடைசியில் ஹைட்ரஜன் புளோரைடாகி அடங்கிவிடும், ஓசோனிடம் வம்புக்குப் போகாது. வம்புக்குப் போவது குளோரின் அணு.

ஒரு குளோரின் அணு ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கி குளோரின் மோனாக்சைடு ஆகிறது. அது இன்னோர் ஆக்சிஜன் அணுவைச் சந்தித்தால் இரண்டு ஆக்சிஜனும் ஜோடி சேர்ந்து போய்விடும், குளோரின் பழையபடி தனியாக நிற்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைத் தரகர் மாதிரி: மாடு கைமாறும், தரகர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போவார். ஒரே அணு அடங்குவதற்குள் பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகள் காலி. மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் சொன்னது இதைத்தான். நைட்ரஜன் ஆக்சைடுகளும் இதே வேலையைச் செய்யும் என்று பால் குருட்சன் 1970இலேயே காட்டியிருந்தார். மூவருக்கும் 1995 வேதியியல் நோபல்.

ஆர்-22இல் குளோரின் உண்டு, ஆனால் ஒரு ஹைட்ரஜனும் உண்டு. கீழ்க்காற்றில் உள்ள ஹைட்ராக்சில் அந்த ஹைட்ரஜனைக் கவ்விப் பெரும்பகுதியை வழியிலேயே முடித்துவிடும். ஆயுள் 12 வருடம்தான். ஓசோன் கெடுதலும் ஆர்-12இல் இருபதில் ஒரு பங்கு மாதிரி. அதனால்தான் அதைக் கடைசியில் நிறுத்துகிறார்கள்.

சென்னிமலை அம்மா கேட்டதற்கு வருகிறேன். ஓட்டை ஏன் அண்டார்டிகாவில்? குளோரின் உலகம் முழுக்கத்தான் இருக்கிறது. அங்கே குளிர்கால இருட்டில் காற்று ஒரு சுழலுக்குள் மாட்டிக்கொண்டு மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும். அடுக்கு மண்டலத்திலேயே பனிமேகம் கட்டும். சாதாரணமாகக் குளோரின் இரண்டு சாதுவான சேர்மங்களுக்குள் கட்டுண்டு கிடக்கும். அவை அந்தப் பனித்துகளின் மேல் ஒன்றோடொன்று வினைபுரிந்து குளோரின் வாயுவாகும். செப்டம்பரில் முதல் வெயில் பட்டதும் அது உடைந்து ஓசோனை மேயத் தொடங்கும். இந்தப் பனித்துகள் விளக்கத்தை முன்வைத்து, அங்கேயே போய் அளந்தும் வந்தவர்களில் முக்கியமானவர் சூசன் சாலமன். ஓட்டையை உலகத்துக்குச் சொன்னது 1985இல் பிரிட்டனின் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவர். அண்டார்டிகாவில் அவர்களின் ஹாலி பே நிலையத்தில் முன்பு 300 டாப்சன் அளவில் இருந்த அக்டோபர் ஓசோன், 1984இல் 200 பக்கம் இறங்கியிருந்தது. 300 டாப்சன் என்றால், தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் வெறும் 3 மில்லிமீட்டர் கனம். கொடைக்கானலிலும் இந்த டாப்சன் கருவி வைத்துப் பல பத்தாண்டுகள் அளந்திருக்கிறார்கள். நம் பக்கம் அது 260ஐ ஒட்டி ஏறி இறங்கும், ஓட்டை கீட்டை எதுவும் கிடையாது.

ஆகவே உங்கள் மகன் சொன்ன காரணம் சரியில்லை. ஓசோன் தடுப்பது புறஊதாவை. அது கூடினால் தோலுக்கும் கண்ணுக்கும் பயிருக்கும் கேடு, காற்று அதனால் கொதிக்காது. சொல்லப்போனால் ஓசோனே ஒரு வெப்பம் பிடிக்கும் வாயு. அது குறைந்ததால் அடுக்கு மண்டலம் குளிர்ந்தது. சூடு ஏறுவது, பூமி திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு வெப்பம் வெளியே போக முடியாததால். காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும். ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் சேர்ந்தவை என்பதால் அவை அந்தக் கதிரைத் தொடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பிடிக்கும். நீராவி வேறு சில இடங்களில். இரண்டும் விட்டுவைத்த இடைவெளி 8 முதல் 12 வரை, பூமி வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த வழியாகத் தப்பித்துக்கொண்டிருந்தது. கார்பன்–புளோரின் பிணைப்பு அதிர்வது சரியாக அந்த இடைவெளியில். குளோரினை எடுத்துவிட்டுப் புளோரினை வைத்துக்கொண்ட 134ஏ ஓசோனை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் பிடிப்பது இதனால்தான்.

மகனிடம் எண்ணையும் சொல்லுங்கள்: தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பரமத்தி வெயிலில் ஏறியிருக்கும் கூடுதல் சூட்டுக்குப் பெரிய குற்றவாளி அதுதான், ஏசி கேஸ் அதற்குத் துணை.

கொடிவேரி_பாசனம்:

ஏனுங்க, எல்லாரும் ஏசி, பிரிட்ஜ் என்றே பேசுகிறீர்கள். எங்கள் வாய்க்கால் பக்கம் வந்த அதிகாரி, நெல் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் மீத்தேன் வருகிறது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள் என்றார். சரி, தண்ணீரும் மிச்சம் என்று விட்டோம். இப்போது யூரியாவும் ஓசோனைக் கெடுக்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஏசி வைத்திருப்பவன் டவுனில் இருக்கிறான், பழி எங்கள் தலையிலா?

கோபி_வேதியியல்:

பழி இல்லைங்க, ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. மீத்தேன் முதலில். தண்ணீர் நின்ற மண்ணில் ஆக்சிஜன் போய்விட்டால் சில நுண்ணுயிர்கள் மீத்தேன் விடும். பெரும்பங்கு நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாகவே வெளியேறும். கிலோவுக்குக் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு, ஆயுள் சுமார் 12 வருடம். ஓசோன் விசயத்தில் மீத்தேன் அவ்வளவு மோசமும் இல்லை, மேலே குளோரினைப் பிடித்து ஹைட்ரஜன் குளோரைடாக்கி அடக்கவும் செய்கிறது.

யூரியா வேறு கதை. மண்ணில் அது அம்மோனியமாகி, நைட்ரேட்டாகி, ஈரம் கூடும்போது நைட்ரஜன் வாயுவாகத் திரும்பும். வழியில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பிவிடும். நூறு வருடத்துக்கு மேல் வாழும், வெப்பத்தில் 273 மடங்கு. மேலே போனதும் ஒரு பகுதி நைட்ரிக் ஆக்சைடாகி, குருட்சன் சொன்ன அந்த வேலையைச் செய்யும். குளோரோபுளோரோகார்பனை நிறுத்திய பிறகு, இப்போது வெளியாகும் வாயுக்களில் ஓசோனுக்கு அதிகக் கேடு செய்வது இதுதான் என்று ரவிசங்கராவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் கணக்கிட்டார்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப் பட்டியலில் இது இல்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும் மீத்தேனை நன்றாகக் குறைக்கும். ஆனால் மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூட வாய்ப்புண்டு. அதனால் யூரியாவை ஒரே வீச்சாக வீசாமல் பிரித்துப் போடுங்கள். இப்போது வருகிற வேப்பெண்ணெய் பூசிய யூரியா நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்தும், அது நல்லதே. வீணாவது குறைந்தால் மூட்டைக் காசும் உங்களுக்கு மிச்சம்.

சென்னிமலை_தறிவீடு:

ரொம்ப நன்றிங்க. மகன் கார்பன்–புளோரின் பகுதியை நோட்டில் எழுதிக்கொண்டான், வீட்டுக்காரர் ஜெயித்த மாதிரி சிரிக்கிறார். அண்ணா, இப்போது நான் என்ன செய்ய? இதையே சரி செய்வதா, எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

பெருந்துறைரோடு_மெக்கானிக்:

லீக் எங்கே என்று தெரியாமல் முடிவு செய்யாதீர்கள். வேறு ஆளைக் கூப்பிட்டு நைட்ரஜன் அடைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உள்ளே மிச்சம் இருக்கும் கேஸைப் பிடித்து வைக்க வேண்டும். வெளி யூனிட்டின் பக்கத்தில் இரண்டு வால்வு இருக்கும், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. கம்ப்ரசரை ஓட விட்டுச் சின்னதை மூடினால் கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் வந்து சேரும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது பெரியதையும் மூடி, உடனே நிறுத்திவிட வேண்டும். கொஞ்ச நேர வேலை. இதைச் செய்யாமல் நட்டைத் தளர்த்தி "புஸ்" என்று விடுகிறவரை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

பிறகு சோப்பு நுரை. பெரும்பாலும் செம்புக் குழாயை யூனிட்டோடு இணைக்கும் பிளேர் நட்டில்தான் கொப்புளம் வரும். அப்படியென்றால் அதிர்ஷ்டம், செம்பு முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கி, வேக்கம் போட்டு (உள்ளே புகுந்த காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி), வால்வைத் திறந்தால் முடிந்தது. குறைந்த அளவுக்கு மட்டும் ஆர்-22 சேர்த்தால் போதும். உள் காயிலிலேயே பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தால் பணத்தைக் கொட்ட வேண்டாம், புதிது வாங்குங்கள். இப்போது கடையில் ஆர்-32 பரவலாக இருக்கிறது, புரொப்பேன் போட்ட ஆர்-290 வகையும் உண்டு. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் பின்னால் சேர்த்த கிகாலி திருத்தப்படி 2028லிருந்து இந்தப் புளோரின் கேஸ்களுக்கும் நம் நாட்டில் உச்சவரம்பு வருகிறது, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும், ஆகவே இன்று வாங்குவதும் கடைசி கேஸ் இல்லை. கேஸே கெடுதல் இல்லாமல் வேண்டும் என்றால் ஐஸ் பேக்டரியில் ஓடுகிற அம்மோனியா இருக்கிறது. ஓசோனுக்கும் பூஜ்யம், சூட்டுக்கும் பூஜ்யம், ஆனால் லீக் ஆனால் தெருவே காலியாகிவிடும், படுக்கையறைக்கு ஆகாது.

புதிது வாங்கினால் பழையதை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அவர்கள் செம்புக்காகப் பைப்பை வெட்டுவார்கள், கேஸ் போயே போச்சு. கேஸை சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் ரெக்கவரி மெஷின் இருக்கிற கடைக்குக் கொடுங்கள். ஈரோட்டில் அது எல்லாரிடமும் இருக்காது, போன் போட்டு முதலில் கேளுங்கள். நைட்ரஜன் டெஸ்டுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுக்க மனசில்லாத கஸ்டமர்களால்தான் நாங்கள் டாப்-அப் அடித்துக்கொண்டே இருக்கிறோம்.